குறை சொல்லும் முன் அளந்து பார்ப்போம்



சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, கிள்ளானில் என் வீட்டில் இருந்தபோது கைத்தொலைபேசி ஒலித்தது. "சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்குண்ணே. காலையில என்னைத்தான் கேப்பாங்க" என்றான் தம்பி ஒருவன். பட்டம் பெற்று ஆறே மாதம் ஆனவன். அவன் வேலை செய்த நிறுவனத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மெய்நிகர் கணினிகள் ஒரே சேமிப்பகத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தன. மறுநாள் கூட்டத்துக்கு இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன. ஒன்று, வன்தட்டுகள் பழசு, புதிய சேமிப்பகம் வாங்க வேண்டும். மற்றொன்று, கடைசியாகக் கைவைத்தவன் இவன், இவன்தான் எதையோ கெடுத்துவிட்டான். இரண்டையும் யாரும் அளந்து பார்க்கவில்லை.

மெய்நிகர் சேமிப்பகத்தில் இந்தக் குழப்பம் எளிதில் வரும். பயனருக்குத் தெரிவது ஒரு டிரைவ் மட்டுமே. அதன் அடியில் இயங்குதளம், அதற்கும் அடியில் விஎம்வேர் போன்ற மென்பொருள், பிறகு வலையமைப்பு, கடைசியில்தான் வன்தட்டு. எந்த அடுக்கில் தாமதம் ஏற்பட்டாலும் மேலே கேட்கும் புகார் ஒன்றுதான்.

பிரிக்பீல்ட்ஸ் வாழை இலை உணவகத்துக்கு ஞாயிறு மதியம் போகிறோம். வாசலில் இருபது நிமிடம் நிற்கிறோம். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் சோறு வந்துவிடுகிறது. சமையற்காரர் மந்தம் என்று சொன்னால் நியாயமாகுமா? குறை நாற்காலிகளின் எண்ணிக்கையில் அல்லவா இருக்கிறது!

விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்டாப் என்னும் கருவி இதைத்தான் பிரித்துக் காட்டுகிறது. டிஏவிஜி என்பது கட்டளை சேமிப்பகத்துக்குப் போய்த் திரும்பும் நேரம், அது சமையலறை. கேஏவிஜி என்பது மென்பொருளுக்குள்ளேயே காத்திருக்கும் நேரம். அது வாசல் வரிசை. ஜிஏவிஜி இரண்டின் கூட்டுத்தொகை. எல்லாம் மில்லிவினாடிக் கணக்கு. கேஏவிஜி சுழியத்தை ஒட்டியே இருக்க வேண்டும். டிஏவிஜி தொடர்ந்து 20, 25-ஐத் தாண்டினால்தான் சேமிப்பகத்தையும் அதற்குச் செல்லும் பாதையையும் சந்தேகிக்க வேண்டும்.

எண்களை வாசிக்கச் சொன்னேன். டிஏவிஜி 3, கேஏவிஜி 30. வன்தட்டுகள் நலம்! ஒரே நேரத்தில் சேமிப்பகத்துக்கு அனுப்பக்கூடிய கட்டளைகளின் வரம்பை, அவன் சேருவதற்கு முன்பே யாரோ சோதனைக்காக 8 ஆகக் குறைத்து, அப்படியே விட்டிருந்தார்கள். அதைத் திருத்த ஒரு ரிங்கிட்கூடச் செலவாகவில்லை. காலைக் கூட்டத்தில் தம்பி அந்த எண்களை மட்டும் வைத்தான். அவன் வேலை தப்பியது.

என் வருத்தம் வேறு. அந்தக் கருவி முதல் நாளிலிருந்தே அவன் கையில் இருந்தது. லினக்ஸில் ஐஓஸ்டாட், விண்டோஸில் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர் ஆகியவையும் கூடுதல் கட்டணமின்றிக் கிடைப்பவைதாம். தேர்வுக்காகப் பெயர்களை மனனம் செய்கிறோம். எண்ணைப் பார்த்துக் காரணம் சொல்லப் பழகுவதில்லை. வள்ளுவரின் மருந்து அதிகாரத்தை மேடையில் முழங்கும் நாம், கணினிக்கு நோய் வந்தால் ஆராயாமலே மருந்து வாங்குகிறோம்.

2001-இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. கணினியில் தமிழை எப்படி ஏற்றுவது என்பது அன்றைய பெருங்கவலை. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் நம் மண்ணில் பிறந்தது. அடுத்த படி, கணினிக்குள் நடப்பதைத் தமிழில் பேசிப் புரிந்துகொள்வது. வேலையிடத்தில் ஆங்கிலமும் மலாயும்தானே என்று கேட்கலாம். அறிக்கையை எந்த மொழியிலும் எழுதுங்கள். ஆனால் அந்தத் தம்பி நள்ளிரவில் "புரியலண்ணே" என்று கூச்சமின்றிக் கேட்டது தமிழில்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பருவத்துக்கு ஒருமுறை, சைபர்ஜெயாவிலும் பிற இடங்களிலும் பணிபுரியும் முன்னாள் மாணவர்களை நம் கழகம் அழைக்கட்டும். நிறுவனப் பெயரை மறைத்து, தாம் சந்தித்த ஒரு கோளாற்றின் எண்களை அவர்கள் கொண்டுவரட்டும். மாணவர்கள் காரணம் கண்டுபிடிக்கட்டும். புதிதாக வேலைக்குச் செல்வோர், எல்லாம் சீராக ஓடும் நாளிலேயே அந்த எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சீரான நாளின் கணக்கு கையில் இருந்தால்தான், கெட்ட நாளில் எது மாறியது என்று சொல்ல முடியும்.