கவுன்சிலிங் என்ற பெயரில் ஒரு பஞ்சாயத்து

புனேயில் பதினைந்து வருஷமாகப் பார்க்கிறேன். நம்ம ஆட்கள் வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை முற்றினால் எல்லோரும் ஒரே மருந்தைத்தான் சொல்கிறார்கள். "கவுன்சிலிங் போகச் சொல்லுங்க, சரியாயிடும்." சரியாகவில்லை என்றால் பழி கவுன்சிலர் தலையில், இல்லாவிட்டால் "அந்தப் பொண்ணுக்கு அட்ஜஸ்ட் பண்ணத் தெரியல." எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

நம்மவர்கள் அங்கே போவதே தீர்ப்புக் கேட்கத்தான். "யார் மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க மேடம்" என்று ஆரம்பித்தால் அது ஊர்ப் பஞ்சாயத்து. ஆலமரத்துக்குப் பதில் ஏசி ரூம், அவ்வளவுதான். சில பேர் பிரிவது என்று மனசுக்குள் எப்போதோ முடிவு பண்ணிவிட்டு, "நானும் முயற்சி பண்ணினேன்" என்று கணக்குக் காட்ட வருகிறார்கள். அமெரிக்காவில் வில்லியம் டோஹர்ட்டி என்பவர் இந்த மாதிரி ஜோடிகளுக்கென்றே தனி முறை வைத்திருக்கிறார். சேர்ந்து வாழ முயற்சி செய்வதா வேண்டாமா என்பதை மட்டும் முதலில் தெளிவாக்கிக்கொள்ள, அதிகபட்சம் 5 அமர்வுகள். நம்மிடம் அந்தக் கேள்வியையே யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று, மொழி. சண்டை போடுவது தமிழில், அங்கே போய்ச் சொல்வது இங்கிலீஷிலோ இந்தியிலோ. மாமியார் சாடை பேசியது, நாத்தனார் சீர்வரிசையைச் சொல்லிக் குத்திக் காட்டியது, இவர் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தது, இதையெல்லாம் எப்படி ஐயா இங்கிலீஷில் சொல்வது? "கம்யூனிகேஷன் பிராப்ளம்" என்று இரண்டே வார்த்தையில் முடிந்துவிடும். யாருக்குச் சரளமாக வருகிறதோ அவர் பக்கம்தான் நியாயம் இருப்பது போலத் தெரியும். வீடியோவில் தமிழிலேயே பேசும் ஆலோசகர்கள் இப்போது கிடைக்கிறார்கள், தேடத்தான் ஆளில்லை.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கை நீட்டுகிற வீட்டுக்கும் இதே மருந்தைச் சொல்கிறார்களே, அதுதான் ஆத்திரமாக வருகிறது. அடித்தவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அவள் என்ன வாய் திறப்பாள்? திறந்தால், வீடு திரும்பிய பிறகு? 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துக்கான 2006 விதிகளே, ஆலோசனையில் உட்கார்ந்து அடித்ததற்கு நியாயம் சொல்லக்கூடாது என்கின்றன. நம்ம பெரியவர்களோ "அவன் ஏன் அடிச்சான்னு யோசிச்சியா?" என்கிறார்கள். அவளுக்கு முதலில் வேண்டியது தனியாக உட்கார்ந்து கேட்க ஓர் ஆள், 181 என்ற போன் நம்பர், ராத்திரி போய்த் தங்க ஒரு வீடு. அந்த வீடு நம்முடையதாக இருக்கலாமா என்று எந்தத் தமிழ்ச் சங்கக் கூட்டத்திலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.