ஓடாத வண்டிக்கு ஓஹோ விலையா?

அமெரிக்காவில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் விற்பனை விளம்பரங்களில் அடிக்கடி தலைகாட்டும் வண்டி ஒன்று உண்டு: 1978-ஆம் ஆண்டு செவர்லே கார்வெட் ‘பேஸ் கார்’. மேலே கறுப்பு, கீழே வெள்ளி, நடுவே மெல்லிய சிவப்புக் கோடு. சில நூறு மைல்கள்தான் ஓடியது, கதவில் ஒட்ட வேண்டிய ஸ்டிக்கர்கூடப் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை என்று விளம்பரம் ஆசை காட்டும். விலையும் அதற்கேற்ப உயரத்தில் நிற்கும். அந்த விலைக்கு அது பெரும்பாலும் தகாது.

கார்வெட்டின் 25-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் போட்டிக் கார்களுக்கு முன்னால் செல்லும் பெருமை அந்த ஆண்டு இதற்குக் கிடைத்தது. நினைவுப் பதிப்பாகச் சில நூறு கார்களை மட்டும் செய்வதாகத்தான் முதலில் திட்டம். பிறகு டீலருக்கு ஒன்றாவது வேண்டும் என்ற கணக்கு வந்தது. கடைசியில் தொழிற்சாலையைவிட்டு வெளியேறியவை 6,502. சாதாரண கார்வெட் பத்தாயிரம் டாலருக்கும் குறைவாகக் கிடைத்த நேரத்தில் இதன் பட்டியல் விலை 13,653 டாலர். அதற்கு மேலும் பல ஆயிரம் கொடுத்து வாங்கியவர்கள் உண்டு.

வாங்கிய பலருக்கும் ஒரே யோசனை: ஓட்டாமல் பூட்டி வைத்தால் நாளைக்குப் பொன்னாகும். விளைவு, ஓடாத பேஸ் கார் என்பதே சந்தையில் சாதாரணமாகிவிட்டது. விலைவாசி உயர்வைச் சேர்த்தால் அன்றைய 13,653 டாலர் இன்று சுமார் 65 ஆயிரம் டாலர். பெரும்பாலான பேஸ் கார்கள் அதைவிடக் குறைந்த விலைக்கே கைமாறுகின்றன. இத்தனை ஆண்டு கட்டிய இன்சூரன்ஸ் தனி.

போகட்டும், வண்டியாவது புதிதாக இருக்குமா என்றால் அதுவும் இல்லை. அந்தக் கால கார்வெட்டின் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. வண்டி அசையாமல் கிடந்தால் காலிப்பரின் உட்சுவரில் துரு ஏறிச் சின்னச் சின்னக் குழி விழும். சீல் சரியாகப் படியாமல் ஆயில் கசியத் தொடங்கும். உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் செருகிய காலிப்பர்களை விற்பதே அங்கே தனி வியாபாரமாக வளர்ந்திருக்கிறது. டேங்கில் தங்கிய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கும். டயர் பட்டன் தேயாமலே ரப்பர் இறுகி வெடிக்கும்.

மைல் கணக்கையும் கண்ணை மூடி நம்ப முடியாது. அதன் ஓடோமீட்டரில் மைலுக்கு ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம்.

குறைவாக ஓடிய காருக்கு மதிப்பே இல்லை என்பதல்ல வாதம். தொழிற்சாலை அடித்த பெயின்ட், முதலில் தைத்த சீட் இவையெல்லாம் போனால் திரும்பாது. ஆனால் விலையை நிர்ணயிப்பது அரிய தன்மையும் அதை நிரூபிக்கும் காகிதங்களும்தான். ஜப்பானில் ஏறக்குறைய 40 ஆண்டுகள் தூசி படிந்து கிடந்த 1969-ஆம் ஆண்டு ஃபெராரி டேடோனா ஒன்று, 2017-இல் இத்தாலியின் மரனெல்லோவில் நடந்த ஏலத்தில் 18 லட்சம் யூரோவுக்குப் போனது. அது 36 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய கார். தூசியைக்கூடத் துடைக்காமல்தான் விற்றார்கள். அலுமினிய உடலோடு சாலைக்கென்று செய்யப்பட்ட ஒரே டேடோனா அது என்பதே அந்த விலைக்குக் காரணம்.

எனவே பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர், மீட்டரைப் பார்ப்பதற்கு முன் சர்வீஸ் பில்களைக் கேட்க வேண்டும். அந்த மாடலில் எத்தனை செய்தார்கள் என்று விசாரித்து, வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பிரேக்கையும் பெட்ரோல் லைனையும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். இதற்கெல்லாம் சம்மதிக்காமல் மீட்டரை மட்டும் காட்டுகிறவரிடம் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.