தாமே அமைத்த தீர்ப்பாயம்

2025 நவம்பர் 17 அன்று டாக்காவிலுள்ள சர்வதேசக் குற்றங்கள் தீர்ப்பாயம், இந்தியாவில் தஞ்சமடைந்துள்ள ஷேக் ஹசீனாவுக்கு, அவர் நேரில் இல்லாத நிலையில் மரண தண்டனை விதித்தது. 2010இல் அத்தீர்ப்பாயத்தை நிறுவியது அவருடைய அரசே. இதனை வினைப்பயன் என்று சொல்லிக் கடந்துவிடுவோர் பலர். எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை.

1971ஆம் ஆண்டின் போர்க்குற்றங்களை விசாரிக்கவே தீர்ப்பாயம் அமைக்கப்பட்டது. அக்குற்றங்கள் உண்மையானவை, உறவுகளை இழந்தோரின் நாற்பதாண்டுக் காத்திருப்பும் உண்மையானது. ஆயினும், 2013 பிப்ரவரியில் அப்துல் காதர் முல்லாவுக்கு ஆயுள் தண்டனை மட்டுமே வழங்கப்பட்டபோது, அது போதாதென்று ஷாபாக்கில் மக்கள் திரண்டனர். தண்டனையை உயர்த்தக் கோரி அரசு மேல்முறையீடு செய்ய ஏதுவாகச் சட்டம் முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அவர் தூக்கிலிடப்பட்டார்.

அந்த அவசரத்தின் விலை பின்னரே தெரிந்தது. 2014இல் இதே தீர்ப்பாயம் மரண தண்டனை விதித்த ஜமாத் தலைவர் அசாருல் இஸ்லாமை, ஆட்சி மாறியபின், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. இரண்டில் எத்தீர்ப்பு சரி? எதையும் ஐயமின்றி நம்ப இயலாத நிலையே 1971இன் குடும்பங்களுக்கு எஞ்சியது.

2024 ஜூலை, ஆகஸ்ட் நிகழ்வுகளில் 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்கிறது ஐ.நா. மனித உரிமை அலுவலகம். அதற்கு எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று நான் வாதிடவில்லை. பழைய ஆட்சியின் நிழல் படிந்த நீதிமன்றங்களை நம்ப இயலாது, தனி மன்றம் தேவை என்ற வாதமும் வலுவானதே. ஆனால் அம்மன்றத்தின் தீர்ப்பு அடுத்த ஆட்சிமாற்றத்தையும் தாங்கி நிற்க வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவருக்காக வாதாடியவர் அரசு நியமித்த வழக்கறிஞர்; தலைமை அரசு வழக்குரைஞரோ முன்பு அதே மன்றத்தில் ஜமாத் தலைவர்களுக்காக வாதாடியவர்; விதிக்கப்பட்டதோ நிறைவேற்றினால் திருத்தவே இயலாத தண்டனை. இவை ஒவ்வொன்றும், நாளை இத்தீர்ப்பைப் பழிவாங்கல் என்று தள்ளிவிட விரும்புவோருக்கு இன்றே கையளிக்கப்படும் சான்று. அப்போது மீண்டும் தோற்பவர்கள், பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்தாம்.

தீர்ப்பாயம் அமைப்போர் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நாளை நாமே இக்கூண்டில் நிற்க நேர்ந்தால், இந்த விதிகளை நியாயமானவை என்று ஏற்போமா? 2013இல் ஹசீனாவின் அரசு அதனைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.