மருத்துவச்சியின் சுவர்

நினைவுச் சின்னம் என்றால் குதிரை மேல் வாளோடு வீற்றிருக்கும் தளபதிதானே உங்கள் மனக்கண்ணில் வருகிறார், சகோதரிகளே?

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நடுவே, உயர்ந்த கட்டடங்களுக்கு இடையில் ஒரு நடைபாதை. அதன் ஓரமாக 80 அடிக்கு மேல் நீளும் கறுப்புக் கான்கிரீட் சுவர். அதில் வாளும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டிச் சக்கரம், மருத்துவச்சியின் பை, கத்தரிக்கோல் ஆகியவற்றின் உருவங்களே பதிந்திருக்கின்றன.

பிட்டி மேஸன் அம்மாளின் கதை அது. 1818-இல் அடிமையாகப் பிறந்தவர். எஜமானரின் வண்டிகளுக்குப் பின்னால், ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு, கைக்குழந்தையோடு நூற்றுக்கணக்கான மைல் நடந்தவர். கலிபோர்னியா சட்டத்தில் அடிமை முறைக்கு இடமில்லை. 1856-இல் கோர்ட்டுக்குப் போய், தமக்கும் தம் பெண்களுக்கும் விடுதலை பெற்றார்.

பிறகு பிரசவம் பார்த்துக் காசு காசாகச் சேர்த்தார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாள் 1866-இல் 250 டாலர் கொடுத்துச் சொந்த நிலம் வாங்கினார்! ஏழைகளுக்கு வாரி வழங்கினார்; சிறைக் கைதிகளைப் போய்ப் பார்த்தார்.

1891-இல் காலமானார். கல்லறையில் பெயர் பொறிக்க 1988 வரை ஒருவருக்கும் தோன்றவில்லை! மறு வருஷம், அவருடைய வீடு இருந்த அதே இடத்தில், ஷீலா லெவ்ரான்ட் டி பிரெட்வில் என்ற பெண் கலைஞர் இந்தச் சுவரை அமைத்தார்.

ஆயிரம் குழந்தைகளைக் கையில் ஏந்தினாலும் மருத்துவச்சியின் பெயரை ஊர் மறந்துவிடுகிறது. உங்கள் அம்மாவை முதலில் ஏந்திய கை யாருடையது? பாட்டி இருந்தால் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.