மேய்ச்சல் பாலானாலும் காய்ச்சியே குடியுங்கள்

தாராபுரம் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவருக்கு ஒரு மாதமாக விட்டுவிட்டுக் காய்ச்சல். மாலையில் வியர்வை, தீராத இடுப்பு வலி. இரத்தப் பரிசோதனையில் புருசெல்லா தொற்று எனத் தெரிந்தது. “பாக்கெட் பாலைத் தொடுவதே இல்லை, டாக்டர். பக்கத்துத் தோட்டத்து மேய்ச்சல் மாட்டுப் பால்தான், கறந்த சூட்டோடு” என்றார் பெருமையுடன். அந்தப் பெருமையில் பாதி நியாயமானது என்பதே என் கருத்து.

காங்கேயம், தாராபுரம் வட்டாரங்களில் ‘கொறங்காடு’ எனப்படும் மேய்ச்சல் நிலங்கள் உண்டு. கிளுவை உயிர்வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் வளர்கின்றன. காங்கேயம் மாடுகளும் மேச்சேரிச் செம்மறிகளும் ஒரு பகுதியை மேய்ந்தபின் அடுத்த பகுதிக்கு மாற்றப்படுகின்றன. சாணமும் புழுக்கையும் விழுந்த இடத்திலேயே உரமாகின்றன. புல் மீண்டும் தழைக்கிறது.

மருத்துவர்களுக்கும் இதில் அக்கறை உண்டு. நெருக்கமாக அடைத்து வளர்க்கும் பண்ணைகளில் தீவனத்துடன் ஆன்டிபயாடிக் கலக்கும் வழக்கம், மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பெருக்குகிறது. தீவிர சிகிச்சையில் எங்களுக்குக் கடைசிப் புகலிடமான கொலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்குத் தருவதை மத்திய அரசு 2019இல் தடை செய்தது இதனால்தான். திறந்த வெளியில் மேயும் கால்நடைக்கு அத்தகைய மருந்தின் தேவை குறைவு. எனவே, சில ரூபாய் கூடினாலும் அருகிலுள்ள சிறு விவசாயியிடம் வாங்குவதை வரவேற்கிறேன்.

ஆயினும், மேய்ச்சல் கிருமியைக் கொல்வதில்லை. நலமாகத் தோன்றும் பசுவின் பாலிலும் புருசெல்லா இருக்கலாம். பாலைப் பொங்கக் காய்ச்சுங்கள். முட்டையையும் இறைச்சியையும் முழுதாக வேகவையுங்கள். கர்ப்பிணிகளும் புற்றுநோய் சிகிச்சை பெறுவோரும் இதில் சிறிதும் தளரக் கூடாது. நாட்டு மாட்டுப் பால் நீரிழிவுக்கு மருந்தன்று, மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

விவசாயியிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: கிடேரிக் கன்றுகளுக்குப் புருசெல்லா தடுப்பூசி போடப்பட்டதா? மாட்டுக்கு மருந்து கொடுத்தால், கால்நடை மருத்துவர் சொன்ன நாள்வரை பால் விற்பனையை நிறுத்துகிறாரா? நல்ல விவசாயி இதற்குக் கோபிக்க மாட்டார்.

அப்பெரியவர் ஆறு வாரம் தவறாமல் மருந்து உட்கொண்டு குணமடைந்தார். இன்றும் அதே தோட்டத்துப் பால்தான் வாங்குகிறார், காய்ச்சிக் குடிக்கிறார். காய்ச்சல் ஒரு வாரத்தைத் தாண்டினால், பச்சைப் பால் குடித்ததையோ கால்நடைகளோடு பழகியதையோ மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். நோயைக் கண்டறிய அந்த ஒரு தகவல் பெரிதும் உதவும்.