பாரிஸில் ஒரு வேலை

லிங்கன், கென்னடி கொலைகளைப் பற்றி எழுதியவர்களுக்குக் கணக்கில்லை. எனக்கென்னவோ ஜேம்ஸ் கார்ஃபீல்டின் கதையைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கத் தோன்றுகிறது. அதில் மர்மம் என்று ஒன்றும் இல்லை. கேட்ட வேலை கிடைக்காத ஒருவன் அதிபரைச் சுட்டான்.

அன்றைய அமெரிக்காவில் ஆட்சி மாறினால் தபால் நிலைய அதிகாரி முதல் சுங்க இலாகா குமாஸ்தா வரை ஆள் மாறும். பரீட்சை கிடையாது, கட்சிக்கு உழைத்தவன் என்று சிபாரிசு செய்ய யாராவது இருந்தால் போதும். 1881 மார்ச்சில் பதவியேற்ற கார்ஃபீல்டை வேலை கேட்டு வருகிறவர்கள் மொய்த்தார்கள். அவர்களில் ஒருவன் சார்ல்ஸ் கிட்டோ. தேர்தலுக்காக ஒரு பேச்சை எழுதி அச்சடித்து வைத்திருந்தான். அதனால்தான் கார்ஃபீல்டு ஜெயித்தார் என்று மனதார நம்பினான். கைம்மாறாகப் பாரிஸ் தூதரகத்தில் பதவி வேண்டும். நாள்தோறும் வந்து நச்சரித்தவனை வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பிளெய்ன் ஒருநாள் கடிந்து விரட்டிவிட்டார்.

ஜூலை 2, வாஷிங்டன் ரயில் நிலையம். பிளெய்னோடு நடந்துவந்த அதிபரைக் கிட்டோ பின்னாலிருந்து சுட்டான். அருங்காட்சியகத்தில் வைத்தால் எடுப்பாக இருக்குமே என்று பார்த்துப் பார்த்து வாங்கிய துப்பாக்கி அது.

முதுகில் பாய்ந்த குண்டு கணையத்துக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது. விட்டிருந்தால் ஆள் பிழைத்திருப்பார் என்பது இன்றைய மருத்துவர்கள் பலரின் கருத்து. ஆனால் வில்லார்ட் பிளிஸ் வந்துவிட்டார். பெற்றோர் இவருக்குச் சூட்டிய முதல் பெயரே ‘டாக்டர்’தான், டாக்டர் டாக்டர் பிளிஸ்! மற்ற மருத்துவர்களை ஒதுக்கிவிட்டு நோயாளியைத் தன் வசமாக்கிக்கொண்டார். கிருமி ஒழிப்பைப் பற்றி பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் லிஸ்டர் அமெரிக்காவுக்கே வந்து பேசிவிட்டுப் போய் ஐந்து வருஷமாகியிருந்தது. இங்கோ கழுவாத விரல்கள் காயத்தைக் குடைந்தன. அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் உலோகம் கண்டறியும் கருவியோடு வந்தார். குண்டு வலப்பக்கம் இருப்பதாக அடித்துச் சொன்ன பிளிஸ், அங்கே மட்டுமே தேடவிட்டார். குண்டு இருந்தது இடப்பக்கம். ஏறத்தாழ 95 கிலோ இருந்த மனிதர் 60 கிலோவாக வற்றி, சீழ் பிடித்து, செப்டம்பர் 19-ல் இறந்தார். சுட்டது மட்டும்தான் நான், கொன்றது டாக்டர்கள் என்று கிட்டோ நீதிமன்றத்தில் வாதாடினான். பைத்தியக்காரன்தான், ஆனால் அந்த வழக்கில் பேசப்பட்டவற்றில் உண்மைக்கு மிக அருகில் வந்த பேச்சு அதுதான் என்பேன். 1882 ஜூனில் அவனைத் தூக்கிலிட்டார்கள். பிளிஸ் அரசாங்கத்திடம் 25,000 டாலர் கட்டணம் கேட்டார்.

இதற்குப் பின் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. துணை அதிபர் செஸ்டர் ஆர்தர் சிபாரிசு அரசியலின் செல்லப்பிள்ளை. நியூயார்க் துறைமுகச் சுங்க அலுவலகத்தின் தலைவராக இருந்து, அதைக் கட்சிக்காரர்களுக்கு வேலை கொடுக்கும் இடமாக நடத்தியவர். அதற்காகவே 1878-ல் அதிபர் ஹேஸ் அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். உட்கட்சிப் பூசலைத் தணிக்கத்தான் கார்ஃபீல்டோடு அவரை நிறுத்தினார்கள். அதற்கு முன் எந்தத் தேர்தலிலும் வென்றதில்லை. போதாக்குறைக்கு, பிடிபட்டபோது கிட்டோ, இனி ஆர்தர்தான் அதிபர் என்று கூவியிருந்தான். ஊரே ஆர்தரைச் சந்தேகமாகப் பார்த்தது.

அதிபராகிவிட்ட அந்த ஆர்தர்தான் 1883 ஜனவரி 16-ல் பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்திட்டார். மத்திய அரசு வேலைகளில் ஒரு பகுதிக்குப் போட்டித் தேர்வு வந்தது. கட்சி நிதி தராததற்காக ஊழியரை நீக்குவது குற்றமாயிற்று. தொடக்கத்தில் பத்தில் ஒரு பங்கு வேலைகளுக்குத்தான். மனம் மாறினாரா, 1882 தேர்தலில் கட்சி வாங்கிய அடி மாற்றியதா என்றால், இரண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சட்டத்தை ஏட்டில் தூங்கவிடாமல் ஒழுங்காக நடத்திக் காட்டினார். அதற்கு அடி காரணமாக இருக்க முடியாது.

பழைய கூட்டாளிகள் அவரைக் கைவிட்டார்கள், சீர்திருத்தக்காரர்களும் முழுதாக நம்பவில்லை. 1884-ல் கட்சி பிளெய்னை வேட்பாளராக்கியது. அவர் எதிர்க்கட்சி வேட்பாளர் கிளீவ்லாண்டிடம் தோற்றார்.