தீவின் நீதியிருக்கை



நம் நாட்டு நீதிமன்றங்களில் பெய்லிஃப் என்ற சொல்லைக் கேட்டால், வீட்டுப் பண்டங்களை ஜப்தி செய்ய வரும் அமீனாவே நம் நினைவுக்கு வருவார். பிரெஞ்சுக் கரையோரம் கிடக்கும் ஜெர்சி என்னும் சிறு தீவிலோ அச்சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே பெய்லிஃப் என்பவர் தலைமை நீதிபதி. அரச நீதிமன்றத்தில் பன்னிரண்டு ஜூராத்துகள் புடைசூழ அவர் அமர்வார். இரண்டாம் சார்லஸ் மன்னர் 1663-இல் அளித்த செங்கோல் அவர் முன்னே ஏந்திச் செல்லப்படும். 118 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள இத்தீவு ஆங்கில முடிக்கு உட்பட்டது. ஆயினும் ஐக்கிய இராச்சியத்தின் பகுதியன்று. அதன் சட்டமோ பழைய நார்மாண்டி வழக்காறுகளிலிருந்து கிளைத்தது.

அப்பதவியில் 1935 முதல் 1961 வரை இருபத்தாறு ஆண்டுகள் வீற்றிருந்தவர் அலெக்சாந்தர் கூத்தான்ஷ். 1892-இல் பிறந்து, வழக்கறிஞராகி, அரசு வழக்கறிஞர் பதவிகளில் படிப்படியாக உயர்ந்து அவ்விருக்கையை அடைந்தார். அமைதிக் காலமாயிருப்பின் அவரைப் பற்றி நாம் எழுத வேண்டிய தேவை எழுந்திராது.

1940 ஜூன் திங்களில் பிரான்சு வீழ்ந்தது. தீவைக் காத்தல் இயலாதெனக் கண்ட பிரித்தானிய அரசு, படைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மன்னரின் பிரதிநிதியான துணை ஆளுநரும் புறப்பட்டுச் சென்றார். பெய்லிஃப் மட்டும் தம் பணியிடத்திலேயே இருக்கவேண்டும் என்பது கட்டளை. ஜூலை முதல் நாள் ஜெர்மானியர் வந்திறங்கினர். ஐந்தாண்டுகள் நீடித்த ஆதிக்கம் அன்று தொடங்கிற்று.

இனித்தான் நாம் சற்று நின்று நோக்கவேண்டிய இடம். ஜெர்சியில் ஒரு பழைய முறை உண்டு. மன்னரின் ஆணையாயினும் அரச நீதிமன்றத்தின் ஏட்டில் பதிவு பெறுதல் வேண்டும். வந்தவர்கள் இம்முறையை நன்கு பயன்படுத்திக்கொண்டனர். தங்கள் ஆணைகளையும் அதே ஏட்டில் பதியச் செய்தனர். 1940 அக்டோபரில் யூதர்களுக்கு எதிரான முதல் ஆணை அம்மன்றத்தின் முன் வந்தது. அது பதிவாயிற்று. அதன்படி தம் பெயரைத் தந்தோர் பன்னிருவர் மட்டுமே.

பக்கத்துத் தீவாகிய குவெர்ன்சியிலும் அதே ஆணை வந்தது. ஆங்கே சர் ஆபிரகாம் லெனே என்னும் ஒருவர் தம் இசைவைத் தர மறுத்தார். அவர் மறுப்பினால் ஆணை நிற்கவில்லை, பதிவாகத்தான் செய்தது. அத்தீவிலிருந்து 1942-இல் கொண்டுசெல்லப்பட்ட மூன்று யூதப் பெண்கள் ஆஷ்விட்சில் மாண்டனர்.

எதிர்த்தால் தீவு மக்களின் துன்பம் பெருகும் என்று அஞ்சியவர்களை நாம் எளிதில் பழித்துவிட முடியாது. பசியும் துப்பாக்கியும் அறியாத நாம் சாய்வு நாற்காலியிலிருந்து தீர்ப்புரைப்பது எளிது. ஆயினும் நம் எண்ணத்தை மறைக்கவும் இயலவில்லை: அந்தப் பதிவு தவறு. படைத்தலைவனின் கட்டளை அவன் கட்டளையாகவே நின்றிருந்தால், அது வெறும் வல்லந்தம். நீதிமன்ற ஏட்டில் ஏறியபின் அதற்குச் சட்டம் என்ற பெயர் கிடைத்துவிடுகிறது. அப்பெயரைத் தருவதற்கன்றோ நீதிபதி தேவைப்பட்டார்!

எனினும் அந்த ஓர் ஏட்டைக்கொண்டு மனிதரை முழுதும் அளந்துவிடலாகாது. யூதர் மஞ்சள் விண்மீன் அணியவேண்டும் என்ற ஆணை பின்னர் வந்தபோது ஜெர்சி அதிகாரிகள் எதிர்த்தனர். அங்கே அது நடைமுறைக்கு வரவில்லை. 1942 செப்டம்பரில், தீவில் பிறவாத பிரித்தானியரை ஜெர்மனிக்கு அனுப்ப இட்லரின் கட்டளை வந்தது. கூத்தான்ஷ் எதிர்ப்புத் தெரிவித்தார், பயனில்லை. ஆண், பெண், குழந்தை என இரு தீவுகளிலிருந்தும் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் கப்பலேற்றப்பட்டனர்.

1944-இல் நேசப்படைகள் நார்மாண்டியில் இறங்கியபின் தீவுக்கு உணவு வரும் வழி அடைபட்டது. ஆதிக்கம் செய்யும் படைக்கு மக்களை உண்பிக்கும் கடமை உண்டென, ஆகஸ்டுத் திங்களில் ஜெர்மானியத் தலைமைக்கு அவர் சட்டம் காட்டி எழுதினார். வழக்கறிஞர் மதி அங்கே நன்கு பயன்பட்டது என்போம். ஆண்டின் இறுதியில், டிசம்பர் 30 அன்று, செஞ்சிலுவைச் சங்கத்தின் வேகா கப்பல் உணவுப் பொட்டலங்களுடன் துறைமுகத்தை அடைந்தது. 1945 மே 8 அன்று அரச சதுக்கத்தில் திரண்ட மக்கள் முன் விடுதலைச் செய்தியைப் பேசியவரும் அவரே. மறுநாள் பிரித்தானியப் படை வந்திறங்கியது.

போருக்குப் பின் சர் பட்டமும், 1961-இல் ஓய்வு பெற்றபோது பிரபு பட்டமும் அவருக்குக் கிடைத்தன. 1973-இல் மறைந்தார்.

அதே தீவில் செயின்ட் ஊவன் என்னும் பங்கில் ஒரு சிறு கடை நடத்தியவர் லூயிசா கூல்டு. போரில் மகனை இழந்த தாய். தப்பியோடி வந்த இரஷ்யக் கைதி ஒருவரைத் தம் வீட்டில் மறைத்து வைத்தார். 1944-இல் பிடிபட்டு, 1945-இல் ராவன்ஸ்புரூக் முகாமில் உயிர் நீத்தார். பி.பி.சி. செய்தியைப் பரப்பிய குற்றத்திற்காக ஆங்கிலிக்கன் குரு கிளிஃபோர்டு கோஹு சிறைப்பட்டு ஜெர்மனியில் இறந்தார். இவர்களுக்குப் பதவி இல்லை. பதிவதற்கு ஏடும் இல்லை. ஜெர்சித் துறைமுகத்தில் 1996-இல் எழுப்பிய நினைவுச் சின்னத்தில் இவர்களோடு சேர்த்து இருபது பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.